125 டெசிபல் ஊரில் லட்ச ரூபாய் ஸ்பீக்கர்: வாங்கும் முன் காதையும் ஹாலையும் பாருங்க!

ஆடிப்பெருக்கு அன்று பூஜை போட்டு பட்டாசு விற்பனையைத் தொடங்கும் ஊர் சிவகாசி. அன்றிலிருந்து தீபாவளி வரை கடைக்காரருக்கும், அச்சகக்காரருக்கும், அட்டைப்பெட்டி செய்பவருக்கும் தலைக்கு மேல் வேலை. தீபாவளி முடிந்து கணக்கு பார்த்து, கையில் கொஞ்சம் காசு நிற்கும்போதுதான் பலருக்கும் அந்த ஆசை எட்டிப் பார்க்கும். 'வீட்டுல நல்லதா ஒரு ஸ்பீக்கர் செட் போட்டா என்ன?'

ஆசைப்படுவதில் தப்பே இல்லை. ஆனால் ஜோடி ஒரு லட்சம், இரண்டு லட்சம் என்று விற்கும் ஸ்பீக்கர்களை வாங்கியவர்களில் பலர், ஆறு மாதத்தில் டிவி சத்தத்துக்கே திரும்பிவிடுகிறார்கள். பெரும்பாலும் ஸ்பீக்கர் மேல் குற்றம் இருக்காது. கேட்கும் அறை ஒத்துவராது, இல்லையென்றால் கேட்கும் தேவைக்கும் வாங்கிய பெட்டிக்கும் சம்பந்தமே இருக்காது. விருதுநகர் மாவட்டத்தைப் பொறுத்தவரை இன்னொரு காரணமும் உண்டு. அதை கடைக்காரர் சொல்ல மாட்டார். கேட்கும் காது.

முதல் செலவு ஸ்பீக்கருக்கு இல்லை

இந்தியாவில் தயாராகும் பட்டாசில் சுமார் 90 சதவீதம் சிவகாசி வட்டாரத்தில் இருந்து போகிறது. பட்டாசுக்கான ஒலி வரம்பை மத்திய அரசு 1999 அக்டோபரில் நிர்ணயித்தது. வெடிக்கும் இடத்தில் இருந்து 4 மீட்டர் தூரத்தில் அளந்தால் 125 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது அந்த விதி. உச்ச அளவாக அளந்தால் 145 டெசிபல். சரவெடி என்றால் வெடிகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப வரம்பு இன்னும் குறையும் என்றும் அதில் கணக்கு இருக்கிறது. சரவெடிகளையே 2018-ல் உச்ச நீதிமன்றம் தடை செய்துவிட்டது தனிக்கதை.

இந்த 125 என்ற எண்ணை வீட்டு ஸ்பீக்கரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஹாலில் உட்கார்ந்து பாட்டைக் கொஞ்சம் தாராளமாக வைத்துக் கேட்டால் 75 முதல் 80 டெசிபல் வரும். 80-க்கும் 125-க்கும் இடையில் வெறும் 45-தானே என்று தோன்றும். டெசிபல் கணக்கு அப்படி இல்லை. ஒவ்வொரு 10 டெசிபலுக்கும் ஆற்றல் 10 மடங்கு கூடும். அந்த 45 டெசிபல் வித்தியாசம் என்பது 30,000 மடங்குக்கும் மேல்!

வெடிச் சத்தம் ஒரு நொடிதான். ஆனால் இந்த மாவட்டத்தில் நாள் முழுக்க சத்தத்தில் வேலை செய்பவர்கள் ஏராளம். சிவகாசியில் காலண்டர், டைரி அடிக்கும் ஆஃப்செட் அச்சகங்கள் இருக்கின்றன. ராஜபாளையத்தில் நூற்பாலைகள். பக்கத்திலேயே சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறிகள். தறிக்கூடத்துக்குள் பக்கத்தில் நிற்பவரிடம் பேசவே கத்த வேண்டும். பல விசைத்தறிக் கூடங்களில் சத்தம் 90 டெசிபலைத் தாண்டும்.

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் பாதுகாப்பு அளவு இது: 80 டெசிபல் சத்தம் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 90 டெசிபல் என்றால் வாரத்துக்கே 4 மணி நேரம்தான். 100 டெசிபலுக்கு அரை மணி நேரம் கூடக் கிடையாது. ஷிப்டுக்கு 8 மணி நேரம் தறிக்கூடத்தில் நிற்பவருக்கு இந்தக் கணக்கு எங்கே போய் நிற்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இப்படித் தேயும் காது மொத்தமாகக் கேட்காமல் போய்விடாது. அதுதான் சிக்கலே. முதலில் அடிவாங்குவது 3,000 முதல் 6,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதி. பேச்சில் ச, த, ஸ போன்ற மெய்யெழுத்துகளின் தெளிவும், ஜால்ராவின் கிண்கிணியும், வீணையில் நரம்பை மீட்டும் அந்த 'டக்'கும் இருக்கும் இடம் இது. பாஸ் நன்றாகவே கேட்கும். அதனால் தன் காதில் பிரச்னை என்றே அவருக்குத் தோன்றாது. 'இந்த ஸ்பீக்கர் மொட்டையா இருக்கு, கிளியரா இல்ல' என்பார். கடையில் காதைக் குத்துகிற அளவுக்கு ட்ரெபிள் தூக்கலாக இருக்கும் ஸ்பீக்கர்தான் அவருக்குப் பிடிக்கும். வீட்டில் மனைவியும் பிள்ளைகளும் ஹாலை விட்டு எழுந்து போவார்கள்!

இதற்கு ஆராய்ச்சி ஆதாரமும் உண்டு. கனடாவின் தேசிய ஆராய்ச்சி மையத்தில் 1980-களில் ஃபிளாய்ட் டூல் என்ற விஞ்ஞானி, ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னால் மறைத்து வைத்து ஆட்களுக்குக் கேட்க வைத்து மதிப்பெண் வாங்கினார். காது நன்றாக இருந்தவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியான ஸ்பீக்கர்களையே நல்லது என்றார்கள். எந்த ஒலியையும் கூட்டாமல் குறைக்காமல், நேரே கேட்டாலும் பக்கவாட்டில் கேட்டாலும் சீராக ஒலிப்பவை அவை. கேள்திறன் குறைந்தவர்களின் மதிப்பெண்களோ நிலையில்லாமல் ஏறி இறங்கின. ஒரே ஸ்பீக்கருக்கு அதே ஆள் மறுபடி கேட்கும்போது வேறு மதிப்பெண் போட்டார்.

ஆக, லட்ச ரூபாய் செலவழிக்கும் முன் ஒரு ஆடியோகிராம் எடுத்துவிடுவது புத்திசாலித்தனம். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போனால், சத்தம் புகாத அறையில் ஹெட்போன் மாட்டி சில நிமிடங்களில் பரிசோதனை முடிந்துவிடும். செலவு ஸ்பீக்கர் ஒயர் விலையை விடக் குறைவு. 40 வயது தாண்டியவர்கள், மில், தறி, அச்சகத்தில் பல வருடம் வேலை பார்த்தவர்கள், ராத்திரி படுத்தால் காதுக்குள் 'கொய்ய்ங்' என்று இரைச்சல் கேட்பவர்கள் இதைத் தள்ளிப்போடவே கூடாது. போன செவிப்புலன் திரும்ப வராது. இருப்பதைக் காப்பாற்றலாம்.

உங்கள் ஹால் என்ன அளவு?

நம்ம ஊர் வீடுகள் ஸ்பீக்கருக்கு எதிரி. மேலே கான்கிரீட், கீழே டைல்ஸ் அல்லது கிரானைட், நான்கு பக்கமும் பூசிய செங்கல் சுவர். வெயிலுக்குப் பயந்து சின்னதாக ஜன்னல். ஹாலின் நடுவில் நின்று ஒரு தடவை பலமாகக் கை தட்டிப் பாருங்கள். 'டர்ர்' என்று ஒரு வால் இழுத்தால், எவ்வளவு விலை உயர்ந்த ஸ்பீக்கரும் அந்த அறையில் கல்யாண மண்டபம் மாதிரிதான் பாடும்.

இதை விடப் பெரிய வில்லன் சதுர அறை. 10-க்கு 10 அறை, உயரமும் 10 அடி. நம்மூர் கொத்தனாருக்கு ரொம்பப் பிடித்த அளவு! 10 அடி இடைவெளியில் எதிரெதிரே இருக்கும் இரு சுவர்களுக்கு நடுவே சுமார் 56 ஹெர்ட்ஸ் ஒலி வந்தால், அது சுவருக்குச் சுவர் மோதி தன்னைத்தானே பெருக்கிக்கொள்ளும். நீளம், அகலம், உயரம் மூன்றும் 10 அடி என்றால் மூன்று பக்கமும் அதே 56 ஹெர்ட்ஸில் சேர்ந்துகொண்டு குமுறும். பேஸ் கிதாரின் 'ஏ' கம்பி 55 ஹெர்ட்ஸ். அந்த ஸ்வரம் வரும்போதெல்லாம் ஜன்னல் கண்ணாடி ஆடும், அடுத்த ஸ்வரத்தில் சத்தம் காணாமல் போகும். இதைத்தான் பலர் 'நல்ல பாஸ்' என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

சின்ன அறையில் ஆளுயர டவர் ஸ்பீக்கரைக் கொண்டுபோய் வைத்தால் இந்தக் குமுறல்தான் மிஞ்சும். 10-க்கு 12 வரையிலான அறைக்கு, ஸ்டாண்டில் வைக்கும் புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கரே போதும். பெயரில் 'ஷெல்ஃப்' இருக்கிறதே என்று ஷோகேஸ் அலமாரிக்குள் தள்ளிவிட வேண்டாம். அதிலும் பின்பக்கம் ஓட்டை உள்ள பெட்டிகளை சுவரில் இருந்து ஒன்று, ஒன்றரை அடியாவது தள்ளி வைக்க வேண்டும். அவ்வளவு இடம் கிடையாது என்றால் ஓட்டையே இல்லாத சீல்டு பெட்டியாகவோ, முன்பக்கம் ஓட்டை உள்ளதாகவோ பார்த்து வாங்கலாம்.

கனமான திரைச்சீலை, தரையில் ஒரு ஜமக்காளம், துணி போட்ட சோபா, புத்தகம் நிறைந்த அலமாரி. இந்த நான்கும் சேர்ந்து பேச்சின் தெளிவில் செய்யும் மாற்றத்தை 50,000 ரூபாய் கூடுதலாகக் கொடுத்து வாங்கும் ஸ்பீக்கர் செய்யாது.

யாருக்கு எது?

கர்நாடக சங்கீதம், பக்திப் பாடல், 1950, 60-களின் சினிமாப் பாட்டு, ரேடியோ. இவைதான் வீட்டில் ஓடும் என்றால் பெரிய பெட்டி தேவையே இல்லை. அந்தக் காலப் பாடல்களில் ஆழமான பாஸோ, கூர்மையான ட்ரெபிளோ அதிகம் பதிவாகவே இல்லை. பெரும்பாலும் மோனோ. எல்லாம் நடுவில், மனிதக் குரலில் இருக்கிறது. குரலைச் சரியாகச் சொல்லும் ஸ்பீக்கர்தான் இவர்களுக்கு வேண்டும்.

இதில் பெயர் எடுத்த ஒரு பெட்டிக்குச் சுவாரசியமான கதை உண்டு. 1970-களில் பிபிசிக்கு வெளிப்புற ஒலிபரப்பு வேனுக்குள் வைக்க ஒரு சின்ன ஸ்பீக்கர் தேவைப்பட்டது. வேனுக்குள் இடமும் கிடையாது, சத்தமாக வைக்கவும் முடியாது. ஆனால் அறிவிப்பாளர் குரலில் சின்ன வித்தியாசம் இருந்தாலும் காட்டிக்கொடுக்க வேண்டும். அப்படி வந்ததுதான் 'எல்எஸ்3/5ஏ'. பழைய சாப்பாட்டு கேரியர் சைஸை விடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். அதற்கு ஒலிப்பான்கள் செய்து கொடுத்த இங்கிலாந்தின் கெஃப் நிறுவனம், 2012-ல் கொண்டுவந்த 'எல்எஸ்50' அதே பரம்பரை. பிபிசி பொறியாளராக இருந்த டட்லி ஹார்வுட் தொடங்கிய ஹார்பெத் நிறுவனத்தின் பெட்டிகளும் குரலுக்குப் பேர்போனவை. ஊர் அடங்கிய பிறகு, குறைந்த சத்தத்தில் நாதஸ்வரமோ பாட்டோ கேட்பவருக்கு இந்த வகை சொர்க்கம். உருமி மேளத்தை அதே உக்கிரத்தோடு கேட்க நினைத்தால் ஏமாற்றம்தான்.

இளையராஜா, ஏ.ஆர். ரஹ்மான் என்று வாத்தியங்கள் நிறைந்த பாட்டு கேட்பவர்களுக்குக் கணக்கு மாறும். 1978-ல் வந்த 'ப்ரியா' பாடல்கள் ஸ்டீரியோவில் பதிவானவை. அப்போதிருந்து இடது, வலது பிரிவுக்கு அர்த்தம் இருக்கிறது. பேஸ் கிதாரின் கடைசிக் கம்பி 41 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். அதைத் திணறாமல் சொல்ல 14-க்கு 18 போன்ற பெரிய ஹாலும் ஒரு டவர் ஜோடியும் இருந்தால் நல்லது. ஹால் சின்னது என்றால் புக்‌ஷெல்ஃப் ஜோடியோடு ஒரு நல்ல சப்வூஃபர்.

தவில், பறை, உருமி போன்ற தோல் வாத்தியங்களைக் கேட்பவர்களுக்கு இன்னொரு பாதை உண்டு. அடி விழும் அந்த நொடியில் சத்தம் சராசரியை விட 20 டெசிபல் எகிறும். அதைப் பிசிறில்லாமல் தர, குறைந்த வாட்டில் அதிக சத்தம் தரும் ஹார்ன் வகை பொருந்தும். அமெரிக்காவின் பால் க்ளிப்ஷ் 1946-ல் நிறுவனம் தொடங்கி விற்ற 'க்ளிப்ஷ்ஹார்ன்' இந்த வகையின் தாத்தா. சுவர் மூலையையே ஹார்னின் நீட்சியாகப் பயன்படுத்தும் பெட்டி அது. பங்குனிப் பொங்கலுக்கு விருதுநகர் பராசக்தி மாரியம்மன் கோயில் வீதியில் நின்று மேளம் கேட்டவர்களுக்கு, ஹார்னின் அந்த 'நெஞ்சில் அறையும்' குணம் உடனே புரியும். ஆனால் மூன்றடி தூரத்தில் உட்கார்ந்து கேட்க இது ஆகாது.

ஹோம் தியேட்டர் என்றால் முதல் முக்கியத்துவம் நடுவில் வைக்கும் சென்டர் ஸ்பீக்கருக்கு. வசனம் முழுக்க அதில்தான் வரும். பலரும் பணத்தை இரண்டு டவரிலும் சப்வூஃபரிலும் கொட்டிவிட்டு, சென்டரை மிச்சக் காசில் வாங்குகிறார்கள். பிறகு வசனம் புரியவில்லை என்று சத்தத்தைக் கூட்டுவார்கள், சண்டைக் காட்சி வந்ததும் ரிமோட்டைத் தேடி ஓடுவார்கள். வீட்டில் காது மந்தமான பெரியவர் இருந்தால், நல்ல சென்டர் ஸ்பீக்கரைப் போல உதவி வேறில்லை. சப்வூஃபரைக் குறைத்து, டயலாக் அளவை மட்டும் ஏற்றும் வசதி பெரும்பாலான ஏவி ரிசீவர்களில் உண்டு. அதைத் தொட்டுப் பார்த்தவர்கள்தான் குறைவு.

இரவுக் காட்சிக்காரர்களுக்கு ஒரு சட்டக் குறிப்பு. 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல்தான் அளவு. சொந்த வீட்டு சவுண்ட் சிஸ்டம் என்றாலும், உங்கள் எல்லைச் சுவர் அருகே அந்த அளவை விட 5 டெசிபலுக்கு மேல் கூடக் கூடாது. சிவகாசித் தெருக்களில் பல வீடுகளுக்கு நடுச்சுவர் ஒன்றுதான். பாட்டு தாண்டாவிட்டாலும் பாஸ் தாண்டும்.

1,000 வாட்ஸ் பொய்யும், ஒரு வாட் உண்மையும்

அட்டைப்பெட்டியில் '1,000 வாட்ஸ் பிஎம்பிஓ' என்று போட்டிருந்தால் அதைப் படிக்காமலே கடந்துவிடலாம். கண்ணிமைக்கும் நேரத்துக்குத் தாங்கும் கற்பனை எண் அது. ஆர்எம்எஸ் வாட்ஸ் எவ்வளவு, சென்சிட்டிவிட்டி எவ்வளவு என்ற இரண்டைத்தான் கேட்க வேண்டும்.

சென்சிட்டிவிட்டி 86 டெசிபல் என்றால், ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டரில் 86 டெசிபல் சத்தம் வரும். ஜோடியாக வைத்து, 10 அடி தள்ளி சோபாவில் உட்கார்ந்தால் 80-ஐ ஒட்டி வரும். ஆம், வெறும் ஒரு வாட்டில்! மிச்ச வாட்ஸ் எல்லாம் அந்த தவில் அடிக்காக. 20 டெசிபல் எகிற 100 மடங்கு, அதாவது 100 வாட் வேண்டும். சின்ன ஆம்ப்ளிஃபையரை முழுசாகத் திருகி வைத்தால் அது அலையின் தலையை வெட்டி அனுப்பும். முதலில் எரிவது ட்வீட்டர். வீட்டு ஸ்பீக்கரை மாடியில் காதுகுத்து விழாவுக்குத் தூக்கிக்கொண்டு போய் எரித்தவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. விசேஷத்துக்கு ரேடியோ செட்காரரைக் கூப்பிடுவதே மலிவு.

இந்த மண்ணுக்கு என்று சில விஷயங்கள்

கோடையில் வெயில் கொளுத்தும் வறண்ட பூமி. கூம்பைச் சுற்றி ஃபோம் வளையம் உள்ள ஸ்பீக்கர் சில வருடங்களில் அப்பளம் மாதிரி நொறுங்கும். ரப்பர் வளையம் கேட்டு வாங்குங்கள். மேற்கு ஜன்னல் வெயில் நேரே விழும் இடத்தில் வைக்க வேண்டாம்.

கம்பி மத்தாப்பு மருந்தில் இரும்புத் தூளும் அலுமினியத் தூளும் இருக்கும். ஸ்பீக்கருக்குள் இருப்பதோ சக்திவாய்ந்த காந்தம். இரும்புத் துகள் காற்றில் வந்து காயில் அசையும் அந்த முடியளவு இடைவெளிக்குள் புகுந்துவிட்டால், கரகரப்பு கேட்கும். அதைச் சுத்தம் செய்வது லேசான வேலை இல்லை. பட்டாசு, மத்தாப்பு வேலை செய்பவர்கள் வசிக்கும் வீட்டில் முன்பக்கத் துணி மூடியைக் கழற்றாமல் வைப்பது நல்லது. வேலை உடுப்போடு ஸ்பீக்கரைத் தொடவும் வேண்டாம். மெல்லிய படலத்தில் மின்னூட்டம் ஏற்றி இயங்கும் எலெக்ட்ரோஸ்டாடிக் வகை எவ்வளவு இனிமையாக இருந்தாலும், தூசி அதிகம் உள்ள இந்த வட்டாரத்தில் அது தலைவலி.

ஐப்பசியில் இடி மின்னல் வரும்போது பட்டாசு ஆலைகளில் எவ்வளவு பயமோ, அதே பயம் ஆம்ப்ளிஃபையருக்கும் வேண்டும். சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்குங்கள். சாதா இன்வெர்ட்டரில் ஓடும்போது 'ம்ம்ம்' என்று ஒரு ஹம் வந்தால், சைன்வேவ் இன்வெர்ட்டருக்கு மாறாமல் அது போகாது. எர்த் சரியாக இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை வைத்துப் பார்ப்பதும் அவசியம்.

கடையில் ஏமாறாமல் கேட்பது எப்படி?

மதுரைக்கோ சென்னைக்கோ போய் டெமோ கேட்கிறீர்கள் என்றால் கடைக்காரர் போடும் பாட்டைக் கேட்காதீர்கள். அது அந்த ஸ்பீக்கருக்கு என்றே பொறுக்கி எடுத்த பாட்டு. நூறு தடவை கேட்டுப் பழகிய உங்கள் பாட்டு மூன்றைக் கொண்டு போங்கள். அதில் ஒன்று ஆண் குரல், ஒன்று பெண் குரல். வெறும் பேச்சும் ஒன்று இருக்கட்டும், பட்டிமன்றமாக இருந்தாலும் சரி. மனிதக் குரல் எப்படி இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும் என்பதால், பொய் சொல்லும் ஸ்பீக்கர் பேச்சில்தான் முதலில் மாட்டும்.

இரண்டு ஸ்பீக்கரை ஒப்பிடும்போது சத்தம் ஒரே அளவில் இருக்க வேண்டும். ஒரு டெசிபல் கூடுதலாக இருந்தாலே காது அதைத்தான் 'நல்ல ஸ்பீக்கர்' என்று சொல்லும். விலை கூடியதை விற்க நினைக்கும் விற்பனையாளர் கை சும்மா இருக்காது! செல்போனில் டெசிபல் அளக்கும் செயலி ஒன்றைப் போட்டு இரண்டையும் சமமாக்கச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் சுளிக்கட்டும். முடிந்தால் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். டூல் பின்னாளில் ஷான் ஆலிவுடன் சேர்ந்து செய்த இன்னொரு சோதனையில், ஸ்பீக்கரைக் கண்ணால் பார்த்துக்கொண்டு கேட்டவர்கள் பெரிய, விலை உயர்ந்த பெட்டிகளுக்கு மதிப்பெண்ணை அள்ளிக் கொடுத்தது தெரியவந்தது. அதே ஆட்கள் திரைக்குப் பின்னால் கேட்டபோது நிலவரம் மாறிப்போனது.

குறைந்தது அரை மணி நேரம் கேளுங்கள். ஐந்து நிமிடத்தில் மயக்கிய ட்ரெபிள் அரை மணியில் தலைவலியாகும். வீட்டுக்குக் கொண்டுபோய் இரண்டு நாள் வைத்துப் பார்க்கச் சில கடைகள் அனுமதிக்கும். கேட்டால்தான் கிடைக்கும்.

பில் முக்கியம். வெளிநாட்டில் இருந்து யாரோ கொண்டுவந்தது என்று குறைந்த விலையில் கிடைக்கும் பெட்டிக்கு இந்தியாவில் வாரண்டி இருக்காது. அங்கீகரிக்கப்பட்ட டீலர் பில்லில் இரண்டு பெட்டியின் சீரியல் எண்ணும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ரிப்பேர் என்று வந்தால் 25, 30 கிலோ பெட்டியைச் சிவகாசியில் இருந்து சென்னைக்கு அனுப்ப வேண்டி வரலாம். பார்சல் ஆபீஸில் சாக்கில் கட்டி அனுப்பினால் மூலை உடைந்துதான் போய்ச் சேரும். வாரண்டி முடியும் வரையாவது அந்த அட்டைப்பெட்டியையும் தெர்மோகோலையும் பரணில் பத்திரமாக வையுங்கள். பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிட வேண்டாம்.